பிரேக் மாஸ்டரின் இறுதி ஆட்டம்

இந்த இறுதி ஆட்டம் முடிகிறவரை அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரனின் மூஞ்சியை ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை என்று பிரேக் மாஸ்டர் சபதம் எடுத்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து. சாட்சிக்கு அவர் மனைவி இருந்தார். ஆறிப்போன ஒரு டம்ளர் டீ இருந்தது. சோபாவில் பாதியை அடைத்துக்கொண்டு, மடிக்காத ஒரு வாரத் துணி குவிந்து கிடந்தது.

"சபதம்னா சபதம்தான். பேப்பர்ல அவன் படம் வந்தாக்கூடப் பாக்க மாட்டேன்" என்று சொல்லி, விளையாட்டுப் பக்கத்தை அப்படியே உருவி மனைவி பக்கம் தள்ளினார்.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றார் மனைவி.

அந்த அம்மா சொன்னது அவ்வளவுதான். அப்போதே மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

பிரேக் மாஸ்டர் என்பது ஊர் கொடுத்த பட்டம். இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொடுக்கிற வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தெருவை விட்டுவிட்டுக் கடை போர்டைப் படித்துக்கொண்டே போனால், "ரோட்டைப் பாருங்க!" என்று கத்திக்கொண்டு இவர் மிதிப்பார். இருபத்திரண்டு வருஷ மிதியில் அந்த வலது கால் அவர் சொல் பேச்சு கேட்பதையே விட்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சலூன் நாற்காலியில் கத்திரி காதோரம் வந்தாலும் மிதிக்கும். ஒரு கல்யாணத்தில் ஐஸ்கிரீம் தட்டோடு ஒருவர் வேகமாக வந்தார். மாஸ்டர் மிதித்தார். கீழே இருந்தது மாப்பிள்ளையுடைய அப்பாவின் கால்.

இது போதாதென்று மாஸ்டருக்கு ஃபுட்பால் பைத்தியம். சின்ன வயதில் ஆடி முட்டியை உடைத்துக்கொண்ட பைத்தியம். ஆட்டத்தைப் பார்த்தால் அவருக்கு உலகம் மறந்துவிடும். ஆனால் பார்க்க விட்டால்தானே?

போன வருஷம் ஒரு சினிமா ஹீரோ மாஸ்டருடைய டீமில் பங்கு வாங்கினார். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். மாஸ்டர் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. வெயிலோ மழையோ கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், அதனால் அந்த வீட்டில் அவர் பெயரே கறுப்புக் கண்ணாடி. அவர் வந்த நாளிலிருந்து டி.வி.க்காரனுக்குப் பந்து மறந்து போச்சு. நம் ஆள் கார்னர் அடிக்கத் தயாராகிறான். கோலுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் தள்ளுமுள்ளு. ரசிகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டக்கென்று காட்சி மாறும். கறுப்புக் கண்ணாடி ஜூஸ் குடிக்கிறார். தலையைக் கோதுகிறார். கோதியதை ஸ்லோ மோஷனில் மூன்று பக்கமிருந்தும் காட்டுவான். திரும்பி வருவதற்குள் கார்னர் முடிந்து, ஒருவன் நொண்டிக்கொண்டிருப்பான். ஏன் நொண்டுகிறான்? கடவுளுக்கே வெளிச்சம்.

இடைவேளையில் இன்னும் மோசம். ஒரு சீரியல் நடிகை, ஒரு சமையல் போட்டி நடுவர், ஒரு பாட்டுக்காரர், வரிசையாக உட்கார்ந்து ஆட்டத்தை அலசுவார்கள். "ஒரு கோலுக்கு எத்தனை ரன்?" என்று அந்த நடிகை கேட்டதை மாஸ்டர் தன் இரண்டு காதாலும் கேட்டார். ஓரத்தில் ஒரு பழைய கோல்கீப்பரை உட்கார வைத்திருப்பார்கள். ஆட்டம் தெரிந்த ஒரே மனுஷன். அவர் வாயைத் திறந்தால் விளம்பரம் வந்துவிடும்.

கேமரா பந்தை விட்டு நகர்ந்தால் மாஸ்டருக்கு அது வண்டி தெருவை விட்டு நகர்ந்த மாதிரி. "பந்தைப் பாருடா!" என்று ஒரு கத்தல். தரையில் ஒரு மிதி. மிதி விழுகிற தரை மாஸ்டருக்குத் தரை. கீழே குடியிருக்கிற ஹவுஸ் ஓனருக்கு அது கூரை.

அரையிறுதி ஆட்டத்தில் கோல் விழுந்த நேரம் கறுப்புக் கண்ணாடி போன் பேசிக்கொண்டிருந்தார். டி.வி.யில் வந்தது போன். மாஸ்டர் பதினொரு தடவை மிதித்தார். பத்து நிமிஷத்தில் ஹவுஸ் ஓனர் மாடியேறி வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் கூரையிலிருந்து பெயர்ந்த ஒரு துண்டு சிமெண்ட் இருந்தது.

"தம்பி, நானும் மேட்ச்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இது என் தட்டுல வந்து விழுந்துச்சு. நானும் ஃபுட்பால் ரசிகன்தான், ஆனா எனக்குத் தலை வேணும்" என்றார்.

மாஸ்டரின் மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். சிஸ்டர் அன்றைக்கே பிரஷர் மெஷினை எடுத்து மாஸ்டரின் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்றெழுபது காட்டியது. சிஸ்டர் கத்தவில்லை, அழவில்லை. பட்டையைச் சுருட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே ஒரே ஒரு மிதி. இந்த டி.வி. என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும்."

"என்ன விளையாடறியா? இறுதி ஆட்டம் வருதுடி!"

"அதனாலதான் சொல்றேன். உங்க பிரஷருக்கும் அவர் தலைக்கும் நான்தான் பொறுப்பு."

வெறும் மிரட்டல் என்று மாஸ்டர் நினைத்தார். வியாழக்கிழமை சகலை வந்தார். பல்லைக் காட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து டி.வி.யை நீளம் அகலம் அளந்து எழுதிக்கொண்டு போனார். 

அதிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சபதம். யோசித்துப் பார்த்தால் கணக்கு சுலபம். அவன் மூஞ்சியைப் பார்த்தால் கோபம் வரும். கோபம் வந்தால் கால் மிதிக்கும். மிதித்தால் டி.வி. போகும். மூஞ்சியைப் பார்க்காவிட்டால்? எல்லாம் சுபம்! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு மாஸ்டர் ஏற்பாடுகளில் இறங்கினார்.

முதலில் சத்தம். அந்த நடிகையின் குரல் வந்தாலும் கால் துடிக்கும் என்று டி.வி.யின் வாயை அடைத்தார். அடுத்து, திரையின் மேல் மூலையில் ஸ்கோருக்குப் பக்கத்திலேயே கறுப்புக் கண்ணாடியின் சின்னப் படம் ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். ஏதோ சோப்பு விளம்பரம். சிஸ்டரின் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து அந்த மூலையை நான்கு வரிசை ஒட்டி மூடினார்.

"ஸ்கோரும் சேந்து மறையுதே?" என்றார் சிஸ்டர்.

"ஸ்கோர் என் மண்டையில இருக்கும். கண்ணால பாக்கிறவனுக்கு போர்டு எதுக்கு?"

"அதுவும் சரிதான். ஆனா நேராவே அவரைக் காட்டுனா என்ன பண்ணுவீங்க?"

மாஸ்டர் இதற்காகத்தான் காத்திருந்தார். மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"அங்கதான் நீ வர்ற. நான் டி.வி.க்கு எதிர்ல நிப்பேன். அவன் வந்தா நீ 'திரும்புங்க'ன்னு சொல்லு. நான் முதுகைக் காட்டிடுவேன். பந்து வந்ததும் 'பாருங்க'ன்னு சொல்லு. திரும்பிப் பாப்பேன். அவ்வளவுதான் உன் வேலை. செய்வியா?"

சிஸ்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு துணிக்குவியலைப் பார்த்தார்.

"தினமும் நாப்பது பேர்கிட்ட அதைத்தானே சொல்றேன். அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கன்னு. செய்யறேங்க."

அது உண்மை. ஊசி போடுவதில் சிஸ்டர் பெரிய ஆள். அந்தப் பக்கம் பாருங்க என்பார், உங்க பொண்ணு எத்தனாவது படிக்கிறா என்பார், அவ்வளவுதாங்க முடிஞ்சுது என்பார். எப்போது குத்தினார் என்று எவருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. மாஸ்டர் நிற்கிறார், உட்கார்கிறார், மறுபடி நிற்கிறார். கைக்கு வேலையில்லாமல் சட்டைப் பட்டனைத் திருகுகிறார். சிஸ்டர் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தார். நடுக்கோட்டிலிருந்து பந்து உருண்டது. மாஸ்டரின் டீம் இரண்டு பாஸ் போட்டது. ஆஹா! மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"திரும்புங்க!"

மாஸ்டர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"வந்துட்டானா?"

"வந்துட்டார்."

"அதுக்குள்ளயா? இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகலையே!"

"கோபப்படாதீங்க. கால் ஆடுது பாருங்க. கையில ஏதாவது வேலை வெச்சுக்கிட்டா கால் அடங்கும். இந்தாங்க, இந்தக் கைக்குட்டையை மடிங்க."

மடித்தார். நிஜமாகவே கால் அடங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து. ஐந்து கைக்குட்டை ஆயிற்று.

"இன்னுமா காட்டறான்?"

"கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார்."

"அதை ஏன்டா காட்டறீங்க, பாவிகளா!"

"பாருங்க!"

மாஸ்டர் பாய்ந்து திரும்பினார். பந்து வெளியே போயிருந்தது. ஒருவன் அதை நிதானமாக எடுத்துத் துடைத்து, தலைக்கு மேல் தூக்கி எறிந்தான்.

"திரும்புங்க!"

இப்படியே போயிற்று. கைக்குட்டை முடிந்து சட்டை வந்தது, சட்டை முடிந்து துண்டு வந்தது. அரை மணி நேரத்தில் மாஸ்டர் கண்ணால் கண்ட ஆட்டம் இதுதான்: பந்தை வெளியிலிருந்து எறிவது நாலு தடவை, ஒருவன் ஷூ கயிறு கட்டுவது ஒரு தடவை, கோல்கீப்பர் பந்தைக் கீழே வைத்து இடுப்பில் கையூன்றி யோசிப்பது ஒரு தடவை. இருந்தாலும் அவர் சந்தோஷப்பட்டார். காய்ந்துபோன மனுஷன். "எப்படி எறியறான் பாரு! இதுதான் ஆட்டம்!" என்று கையைத் தட்டினார்.

திடீரென்று கீழ் வீட்டிலிருந்து "ஓ!" என்று ஒரு சத்தம். ஹவுஸ் ஓனரும் அவர் குடும்பமும் சேர்ந்து கத்துகிறார்கள்.

"என்ன ஆச்சு? கோலா?" மாஸ்டர் முக்கால்வாசி திரும்பிவிட்டார்.

"திரும்பாதீங்க! கறுப்புக் கண்ணாடி எழுந்து நின்னு கையாட்டறார். அதுக்குத்தான் கத்தறாங்க."

"அந்த மனுஷன் ஃபுட்பால் ரசிகன்னு சொன்னாரே! இதுதான் லட்சணமா? சே!"

"கோபம் வேண்டாம். அந்தக் காலுறையெல்லாம் ஜோடி சேருங்க."

காலுறை ஜோடி சேர்ப்பது லேசான வேலையா? பதினேழு ஒற்றைக் காலுறைகள் இருந்தன. அந்த வீட்டில் நொண்டி யாரும் கிடையாது. மாஸ்டர் அதில் மூழ்கியிருந்தபோது பின்னால் சிஸ்டரே "ஐயோ!" என்று கத்தினார்.

"என்னம்மா?"

"ஜூஸை சட்டையில கொட்டிக்கிட்டார்."

"அதுக்கு நீ ஏன் ஐயோங்கற? உனக்கும் அவன்மேல ஒரு கண்ணா?"

"சேச்சே. நல்ல சட்டைங்க. கறை போகாது."

மாஸ்டருக்கு முதல்முறையாகச் சந்தேகம் தட்டியது. என்ன இது, ஆட்டத்தைவிட அவன் அதிகமாக வருகிறான்? இடைவேளை வந்தது. நடிகை வருகிற நேரம் என்று தானாகவே எழுந்து குளியலறைக்குப் போனவர், அங்கே ஷேவிங் கண்ணாடியைப் பார்த்தார். மூளையில் பல்பு எரிந்தது. அட, பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே பாடம் எடுத்தவனுக்கு இது தோன்றவில்லையே! கண்ணாடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, எதிர் அலமாரியில் சாய்த்து வைத்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியது.

"திரும்புங்க!"

நல்ல பிள்ளையாகத் திரும்பினார். ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தார். அதில் சின்னதாக டி.வி. தெரிந்தது. உள்ளே பச்சை.

"ஏய், பச்சையா தெரியுதே! கிரவுண்டு இல்ல அது?"

சிஸ்டர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அவர் சட்டையை மாத்திக்கிட்டார். ஜூஸ் கொட்டிடுச்சுல்ல? இப்பப் பச்சைச் சட்டை."

"வெள்ளையா ஏதோ ஓடுதே?"

"பட்டன்."

"பட்டன் ஓடுமா?"

"அவர் குதிக்கிறார்ங்க! கண்ணாடியிலயும் பாக்கிறதில்லன்னுதானே சபதம்? இந்தாங்க, இந்த பெட்ஷீட்டை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிங்க. தனியா என்னால மடிக்க முடியறதில்ல."

பெட்ஷீட் விரிந்தது. கண்ணாடி மறைந்தது. அப்புறம் தலையணை உறை, அப்புறம் இன்னொரு பெட்ஷீட். கீழே இருந்து மறுபடி "ஓ!" வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒவ்வொரு "ஓ"வுக்கும் கறுப்புக் கண்ணாடி ஏதோ ஒன்றைச் செய்தார். தும்மினார். முத்தம் பறக்கவிட்டார். யாருக்கோ கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தார். அவருக்குப் பின்னால் சிஸ்டர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டதும், குஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு "ஓ" வந்தது. இந்தத் தடவை தெருவே சேர்ந்து கத்தியது. சிஸ்டர் டக்கென்று டி.வி.யை அணைத்தார்.

"ஏன் அணைச்ச?"

"ஆட்டம் முடிஞ்சுது. இனிமே பரிசு கொடுக்கிற கட்டம். மேடையில ஆளுங்க நிப்பாங்க, அதான் அணைச்சேன்."

"நல்ல காரியம் பண்ணே! கோப்பையைத் தூக்கறதே அவனாத்தான் இருப்பான்."

சோபா காலியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த சோபாவை முழுசாக அவர்கள் பார்த்ததில்லை. மடித்த துணி அடுக்கடுக்காக அலமாரிக்குள் ஏறியிருந்தது. சிஸ்டர் பட்டையை மாட்டி அமுக்கினார்.

"நூத்தி இருபத்திரண்டு!"

"ஒரு மிதிகூட இல்ல, கவனிச்சியா? அவன் மூஞ்சியை ஒரு தடவைகூடப் பாக்கல. சபதத்துல ஜெயிச்சுட்டேன்!" மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "சரி, நம்ம டீம் ஜெயிச்சுதா?"

சிஸ்டர் வாயைத் திறந்தார். வாசலில் மணி அடித்தது. ஹவுஸ் ஓனர் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"தம்பி, கையைக் குடுங்க! மேல இருந்து ஒரு சத்தம் இல்ல. நிம்மதியா பாத்தேன். சிஸ்டரம்மா, என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"அவரே கட்டுப்பாடா இருந்தார்ங்க" என்றார் சிஸ்டர் அடக்கமாக.

"எப்படி இருந்தீங்க தம்பி? அந்தக் கடைசி நிமிஷத்துக்கு நானே நாற்காலியை உடைச்சுட்டேன்!"

"கறுப்புக் கண்ணாடி ஆடுன ஆட்டத்துக்கா?" என்றார் மாஸ்டர் வெறுப்பாக.

"அவரா? அவர் எங்க வந்தார்?"

"என்னது?"

"ஷூட்டிங்ல காலைச் சுளுக்கிக்கிட்டு வீட்டுல கிடக்கிறாராமே! வரமாட்டார்னு காலையில பேப்பர்லயே போட்டிருந்தானே, பாக்கலையா? அவர் வராததாலதான் தம்பி நமக்கு நல்ல காலம். டி.வி.க்காரனுக்குக் காட்ட ஆளே இல்ல. முழுசா பந்தை மட்டும் காட்டினான்! தொண்ணூறு நிமிஷமும் பந்து! எங்க அப்பா காலத்துலகூட இப்படி ஒரு மேட்ச் பாத்ததில்ல. இனி பாக்கவும் மாட்டோம். சரி, சரி, நீங்களும்தான் பாத்தீங்களே, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மாஸ்டர் கதவைச் சாத்தினார். மெதுவாகத் திரும்பினார். இந்தத் தடவை யாரும் திரும்பச் சொல்லவில்லை. உடம்பெல்லாம் கோபம். கோபம் இடுப்பில் இறங்கி, தொடையில் இறங்கி, வலது முட்டிக்கு வந்தது. கால் ஒரு சாண் உயரம் எழும்பியது.

சிஸ்டர் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு டி.வி.யைப் பார்த்தார்.

மாஸ்டர் காலை, தூங்குகிற குழந்தையைப் படுக்கப் போடுகிற மாதிரி, அலுங்காமல் கீழே வைத்தார்.

"பாவி! எத்தனை வருஷமா காத்திருந்தேன் இப்படி ஒரு மேட்ச்சுக்கு! பேப்பரைப் படிச்சுட்டே என்னைச் சுவத்தைப் பாக்க வெச்சியா?"

"பேப்பரைத் தள்ளினது நீங்க. சத்தத்தை அடைச்சது நீங்க. பிளாஸ்திரி ஒட்டினது நீங்க. திரும்பச் சொல்லுன்னு சொன்னதும் நீங்கதான். எனக்கு வாரத்துல ஒரே நாள் லீவு. அந்த லீவுல இத்தனை வருஷமா நான் சுவத்தைப் பாத்துத் துணி மடிச்சேன், நீங்க மேட்ச் பாத்தீங்க. ஒரே ஒரு தடவை மாத்திப் பாத்தேன்" என்றார் சிஸ்டர். கொஞ்சம் குரல் கம்மியது. பிறகு முகம் மலர்ந்தது. "ஆனா என்ன ஒரு ஆட்டங்க அது! இவ்வளவு நல்லா இருக்கும்னு என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

மாஸ்டர் காலி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். 

"எப்படி... எப்படி விழுந்துது கோல்?"

"முதல் கோல் கேளுங்க. நம்ம ஆளு, அந்தக் குட்டையா இருப்பானே, அவன் பந்தோட வர்றான். இடது பக்கம் பாக்கறான். கோல்கீப்பரும் அந்தப் பக்கம் பாக்கறான். வலது பக்கம் போட்டுட்டான்! நான் கிளினிக்ல தினமும் பண்றதுதான். எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பந்து தெரிந்தது. வலை ஆடுவது தெரிந்தது. எந்த டி.வி.யும் அவருக்கு இவ்வளவு தெளிவாக ஒரு கோலைக் காட்டியதில்லை.

"அப்புறம்? ரெண்டாவது?"

"அது இன்னும் பிரமாதம்." சிஸ்டர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஃபேன்ல எவ்வளவு தூசி பாருங்க. துடைங்க, சொல்றேன்."

மாஸ்டர் துள்ளினார். "என்னை என்னன்னு நினைச்ச? உன் தயவு வேண்டாம்! ஹைலைட்ஸ்ல பாத்துக்கறேன்!"

"தாராளமா பாருங்க. ஏழு மணிக்குப் போடறான். டி.வி.லயும் அதுதான், போன்லயும் அதுதான். நடக்க முடியாத ஆளுக்கு உக்காந்துக்கிட்டு செய்யற வேலையா குடுத்திருக்காங்களாம். ஒவ்வொரு கோலுக்கும் நடுவுல வந்து விளக்கப்போறது கறுப்புக் கண்ணாடிதான்னு அதே பேப்பர்ல போட்டிருக்கு."

 ஈரத்துணி மாஸ்டர் கைக்கு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

அன்றைய ஆட்டத்தில் மொத்தம் ஏழு கோல்.